குறிப்பின் ஒன்பதாம் அத்தியாயம்

புத்தகக் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு நிமிர்ந்தேன். கடைக் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு வெள்ளை அட்டை ஒட்டியிருந்தது. மேலே என் கூட்டாளியின் புகைப்படம், பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மாதிரி ஒரு முறைப்பு. ‘இன்று மாலை 4 மணிக்கு நூலாசிரியர் கையெழுத்திட்டுத் தருகிறார்.’ அதற்குக் கீழே கையகல எழுத்தில் ஓர் எண்: 214-07-398. எண்ணுக்குக் கீழே ஒரு வரி: ‘ஆளில்லாத அறையில் இரவும் பகலும் மின்விசிறி ஓடுகிறது.’

அந்த வரியை அப்புறம்தான் படித்தேன். எண்ணைப் பார்த்ததுமே அது எந்த வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் மீட்டர் பார்க்கிறவன். வீடு வீடாகப் போய், மின்சாரம் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று பார்த்து எழுதும் வேலை. இருபத்தாறு வருடம் ஆகிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் எண் விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. எங்களுக்கு வீட்டுக்காரரின் பெயர் தெரியாது. முகம் பாதி மறந்துபோகும். இணைப்பு எண்தான் வீடு. கடைசி மூன்று இலக்கத்தைச் சொன்னால் போதும், கால் தானாக அந்த வாசலில் போய் நிற்கும்.

முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு என் சுற்றில் இரண்டாம் நாள் வரும் வீடு. கடையிலிருந்து இரண்டே தெரு. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் அங்கே இருக்கிறார். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான் என்பது தெருவுக்குச் சொல்லியிருக்கும் கதை. அவன் எந்த நாட்டுக்கும் போகவில்லை. பின்பக்க அறைக்குள்ளேயே ஐந்து வருடமாக இருக்கிறான். அதை விட்டு வெளியே வருவதில்லை; யாரையும் பார்ப்பதில்லை.

இது எனக்கும் என் கூட்டாளிக்கும்தான் தெரியும். ஒற்றை ஆள் இருக்கும் வீட்டில் அவ்வளவு யூனிட் ஓடாது. மீட்டரும் அந்த அறைக்குப் பக்கத்து நடையில் இருக்கிறது. உள்ளே போகாமல் பார்க்க முடியாது. எனக்கு முன்னால் அந்தச் சுற்றை எட்டு வருடம் பார்த்தவன் இந்தப் புகைப்படத்துக்காரன். ‘தெருவுக்குத் தெரிய வேணாம் தம்பி’ என்று வாத்தியார் அவன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாராம். போன வருடம் சுற்றை மாற்றிக்கொண்டபோது என்னிடமும் அதையே கேட்டார்.

அந்த வீட்டு எண் இப்போது கடைத்தெருவைப் பார்த்து நின்றது. அந்த எண்ணைக் கைபேசியில் தட்டினால் மின்கட்டணப் பக்கத்தில் பெயர், கதவு எண், தெரு எல்லாம் வந்து விழும். தட்டத் தெரியாதவனுக்கும் கஷ்டமில்லை. வாத்தியார் வீட்டு வாசல் தூணில் அதே எண்ணை மஞ்சள் பெயிண்டில் எங்கள் துறையே எழுதி வைத்திருக்கிறது.

மணி மூன்று பத்து.

உள்ளே போனேன். அட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. பாதி கண்ணாடியோடு நின்றது, நகத்தால் சுரண்டினேன். கல்லாவிலிருந்து கடைக்காரம்மா எழுந்து வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருக்கும் ஒல்லியான பெண்மணி.

“யாருங்க நீங்க? என்ன பண்றீங்க?”

“இத எப்ப ஒட்டுனீங்க?”

“போட்டோ ஒரு வாரமா இருக்கு. அந்த நம்பரும் வரியும் மதியம் சாப்பிட்டு வந்து ஒட்டுனேன். ஏன், உங்களுக்கென்ன?”

“எழுதுனவன் எங்க?”

அவர் பின்பக்கம் கையைக் காட்டினார். நான் நடந்த வேகத்தைப் பார்த்து, வாங்கின கடனைக் கேட்க வந்த ஆள் என்று நினைத்தாரோ என்னவோ, பின்னாலேயே வந்தார்.

*

அவனுக்கு எங்கள் அலுவலகத்தில் ‘குறிப்பு’ என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்ப மாட்டான். பத்தாவது முடித்து, டயர் கடையில் இரண்டு வருடம் காற்றுப் பிடித்து, பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தவன். அப்போது காகிதத்தில் கணக்கெடுத்த காலம். தாளின் கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும். நாங்கள் ‘நாய்’ என்று எழுதுவோம், இல்லாவிட்டால் ‘கதவு பூட்டு’. இவன் எழுதுவான்: ‘நாய் கட்டியிருக்கிறது. ஆனால் கயிறு நீளம்.’ இன்னொரு வீட்டுக்கு, ‘அம்மாவுக்குக் காது கேட்காது. மணி அடித்துப் பயனில்லை. ஜன்னலில் கையை ஆட்டவும்.’ மேலதிகாரி அதைச் சத்தமாக வாசித்துச் சிரிப்பார். நாங்களும் சிரித்தோம். அவன் லீவில் போன வாரம் அந்தச் சுற்றுக்கு நான் போனேன். கயிறு நீளம்தான். அவன் எழுதியிருக்காவிட்டால் என் கெண்டைக்கால் இன்றைக்கு இருந்திருக்காது.

பிறகு கையடக்க மெஷின் வந்தது. காகிதக் கட்டுகளெல்லாம் எடைக்குப் போக இருந்தபோது, கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனான். அவற்றின் முதுகில்தான் இந்த நாவலை எழுதினான். சாப்பாட்டு நேரத்தில் அலுவலகப் பின்படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு கையில் டப்பா, ஒரு கையில் பேனா. ஆறு வருடம். இரண்டு தடவை எல்லாவற்றையும் குப்பையில் போட்டான். அவன் பெண்டாட்டி எடுத்து உதறி, அடுக்கி வைத்தாள். பன்னிரண்டு வீடுகள், பன்னிரண்டு அத்தியாயங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இணைப்பு எண்தான் தலைப்பு. முந்நூறு பிரதி அச்சடித்தார்கள். அறுபது இந்தக் கடையில், மிச்சம் அவன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில். எனக்கு வியாழக்கிழமையே ஒன்று கொடுத்தான். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள். மூன்றாவது வீட்டில்தான் இருந்தேன்.

பின்னறையில், நோட்டுப் புத்தகக் கட்டுகளுக்கு நடுவே, புதுச் சட்டையோடு உட்கார்ந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். இருபது முப்பது கையெழுத்து இருக்கும். பக்கத்தில் அவன் பெண்டாட்டி. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள்; அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

“வாங்கண்ணே! சட்டை எப்படி? இவ எடுத்தது.”

“சட்டை கிடக்கட்டும். ஒன்பதாவது அத்தியாயத்துக்கு என்ன நம்பர்டா போட்ட?”

“வாய்க்கு வந்த நம்பர்தான். பன்னெண்டும் கற்பனைண்ணே. நிஜ நம்பர் போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?”

நான் கைபேசியில் எண்ணைத் தட்டி அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். பெயர் வந்தது. கதவு எண் வந்தது. தெரு வந்தது.

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். உதடு மட்டும் அசைந்தது, எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறவன் மாதிரி.

“வாய்க்கு வரலடா. கைக்கு வந்திருக்கு” என்றேன். “எட்டு வருஷம் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா எழுதுன நம்பர். நீ யோசிக்கும்போது கை அதுபாட்டுக்கு எழுதிருச்சு.”

“நாலு தடவ திருத்துனேண்ணே. இவளும் ரெண்டு தடவ படிச்சா.”

“எனக்கு நம்பரு தெரியுமா என்ன?” என்றாள் அவள். “யாரு வீடுண்ணே அது?”

சொன்னேன். வாசலில் நின்றிருந்த கடைக்காரம்மாவும் கேட்டார். சொல்லாமல் வழியில்லை. அவர் ஒரு நோட்டுக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தார்.

“அத்தன பேர் முன்னாடி ஒன்பதாவதத்தான் வாசிக்கச் சொல்லலாம்னு வச்சிருந்தேன்.”

குறிப்பு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். “யாருண்ணே நம்பரத் தட்டிப் பாக்கப் போறாங்க? வரப்போறதே இருபது பேரு. இன்னைக்கு ஒரு நாள் போகட்டும். நாளைக்கு உக்காந்து ஏதாவது பண்ணலாம்.”

“மீட்டர் பாக்குறவன் எழுதுனதுன்னு புத்தக அட்டையிலயே போட்டிருக்க. தலைப்புல நம்பர் குடுத்திருக்க. படிக்கிறவனுக்குக் கை சும்மா இருக்குமா? எனக்கே தட்டிப் பாக்கத் தோணும்.”

“ஆறு வருஷம்ணே.”

“அவருக்கு அஞ்சு வருஷம்.”

அவன் பெண்டாட்டி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னும் என்னமோ இருக்கு. சொல்லுங்க” என்றாள்.

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். “அதுல பூட்டுன்னு எழுதியிருக்கேன். அப்பா மகன உள்ள விட்டு வெளியேர்ந்து பூட்டி வச்சுச் சாவிய இடுப்புல சொருகியிருக்கிற மாதிரி. நிஜத்துல பூட்டெல்லாம் இல்ல. பூட்டு இல்லாம கதை நிக்கலண்ணே.”

புறங்கையால் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. நல்ல நாள், புதுச் சட்டை என்று விட்டேன். எண்ணைப் போட்டுக் காட்டிக்கொடுத்தது பத்தாதென்று, அந்த மனிதர் செய்யாத பாவத்தையும் அவர் தலையில் ஏற்றியிருக்கிறான். நாளைக்குத் தெருவே திரண்டுபோய்ப் பூட்டை உடைக்க வாசலில் நின்றால் யார் பதில் சொல்வது?

கடைக்காரம்மாதான் முதலில் எழுந்தார். விலை ஒட்டும் வெள்ளைச் சீட்டு ஒரு உருளை கொண்டுவந்தார். மார்க்கர் அடித்தால் மறுபக்கம் ஊறும். சீட்டு ஒட்டினால் எண் சரியாக மறையும். ஒன்று ஒட்டி நான் உரித்துப் பார்த்தேன். அச்சையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது; யாரும் உரித்துப் படிக்க முடியாது. போதும். ஒன்பதாவது தொடங்குவது நூற்றுப் பதினொன்றாம் பக்கம். அவன் பெண்டாட்டி திறக்க, நான் ஒட்ட, கடைக்காரம்மா மூடி அடுக்க, பிரதிகள் நகர்ந்தன. குறிப்பு சும்மா நின்றுகொண்டிருந்தான். முன்பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

“அம்பத்தாறுதான் இருக்கு” என்றேன் ஒட்டி முடித்து.

“காலையிலயே நாலு வித்துருச்சு. பக்கத்து மெடிக்கல் கடைக்காரர் ஒண்ணு. பள்ளிக்கூட டீச்சருங்க ரெண்டு பேர். மூணு பேருமே நாலு மணிக்கு வருவாங்க.”

“நாலாவது?”

“ஒரு பெரியவர். கடை திறக்கும்போதே வந்து நின்னாரு. போட்டோவக் காட்டி, ‘இந்தப் பையன் எனக்குத் தெரிஞ்ச பையன்’னு சொன்னாரு. சந்தோஷமா வாங்கிட்டுப் போனாரு. பேனாவ சட்டைப் பையில குத்தாம காலர்ல குத்தியிருந்தாரு.”

பேனாவைக் காலரில் குத்துகிறவர் அந்தச் சுற்றில் ஒருவர்தான். குறிப்பு சுவரில் சாய்ந்தான்.

*

நாலு மணிக்குப் பதினேழு பேர் வந்திருந்தார்கள். எண்ணினேன், எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. கடைக்காரம்மா நாலு வார்த்தை பேசினார். ஒன்பதாவதுக்குப் பதில் முதல் அத்தியாயத்தை வாசிக்கச் சொன்னார்; அந்த நாய்க் கயிறு வரும் வீடு. குறிப்பு வாசித்தான். பரீட்சையில் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே இழுவை. ஆனாலும் கயிறு வந்த இடத்தில் ஜனம் சிரித்தது. அவன் சிரிப்பு நிற்கக்கூடக் காத்திருக்கவில்லை. அவன் கண் வாசல் மேலேயே இருந்தது.

இரண்டாம் பக்கம் திருப்பும்போது வாத்தியார் உள்ளே வந்தார்.

வெள்ளை அரைக்கைச் சட்டை. காலரில் பேனா. கையில் புத்தகம், படித்த இடத்தில் ஆள்காட்டி விரலைச் சொருகியிருந்தார். பாதிக்கு மேல் போயிருந்தது அந்த விரல். நான் எழுந்து நாற்காலியைக் காட்டினேன்.

“வேணாம். நின்னே பழக்கம்” என்றார். என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

கையெழுத்துக்கு வரிசை நின்றது. குறிப்பு மேஜையில் உட்கார்ந்தான். பக்கத்தில் சீட்டு உருளையோடு அவன் பெண்டாட்டி. மெடிக்கல் கடைக்காரரின் பிரதியை வாங்கினாள், நூற்றுப் பதினொன்றைத் திறந்தாள், ஒட்டினாள், நகர்த்தினாள். அவன் கையெழுத்திட்டான். பின்னறையில் பழகின கையெழுத்து எதுவும் வரவில்லை. சம்பள நோட்டில் போடுகிற கிறுக்கல்தான் வந்தது. இரண்டு டீச்சர்களில் மூத்தவர் எட்டிப் பார்த்தார்.

“என்னத்த ஒட்டுறீங்க?”

“அச்சுப்பிழைங்க மேடம்” என்றாள் அவள்.

“அச்சுப்பிழையா தம்பி?”

வரிசையின் கடைசியிலிருந்து வந்த குரல். சத்தமாக இல்லை. வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்ட பையனைக் கேட்கிற குரல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குறிப்பின் பேனா பாதிப் பெயரில் நின்றது.

அவன் எழுந்தான். “இல்ல சார். என் பிழை” என்றான். “உள்ள வாங்க சார்.”

கடைக்காரம்மா கெட்டிக்காரி. எல்லோருக்கும் டீ சொல்லியிருக்கிறது, குடிக்காமல் யாரும் போகக் கூடாது என்று அறிவித்துவிட்டு வாசலுக்கு அருகில் போய் நின்றுகொண்டார்.

*

பின்னறையில் வாத்தியார் உட்காரவில்லை. நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.

“தினம் பேப்பர் வாசிச்சுக் காட்டுவேன்” என்றார். “கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டுக்குவேன். இன்னைக்குப் பேப்பர் வேணாம், நமக்குத் தெரிஞ்ச பையன் ஒரு புத்தகம் போட்டிருக்கான், அத வாசிக்கிறேன்னு சொன்னேன். எட்டு வீடு நல்லாப் போச்சு. அந்தக் கயித்துக்குச் சிரிச்சான். நான் கேட்டேன், உள்ள சிரிச்சான்.”

விரல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார்.

“ஒன்பதாவது நம்பரு வாய்ல வந்ததுமே தெரிஞ்சுபோச்சு. நிறுத்திட்டேன். ‘நிறுத்தாதீங்க’ன்னான். பூட்டு வந்த இடத்துல மறுபடி நிறுத்துனேன். ‘நிறுத்தாதீங்கப்பா’ன்னான். கடைசி வரைக்கும் வாசிச்சேன். என் இடுப்புல நானே சாவியச் சொருகி வாசிச்சேன், தம்பி.”

புத்தகத்தை மூடினார்.

“முடிச்சதும் ஒண்ணுதான் சொன்னான். ‘போய்ச் சொல்லுங்கப்பா. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கு. அது என்னுது.’ அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“கிழிச்சிடறேன் சார்” என்றான் குறிப்பு. “சீட்டு ஒட்டுறதெல்லாம் வேணாம். அந்த அத்தியாயத்தையே எடுத்துடறேன். இப்பவே.”

“கேக்காம எழுதுனீங்க. இப்ப கேக்காமக் கிழிக்கப் போறீங்களா?”

அப்படி ஒரு அடியை நான் பார்த்ததில்லை. கை ஓங்காமல் விழுந்த அடி. அவன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எட்டு வருஷம் என் வீட்டுக்குள்ள வந்திருக்கீங்க. ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் அவன்கிட்ட கேட்டிருப்பேன். இப்ப போய்க் கேட்டுட்டு வர்றேன். வர்ற வரைக்கும் ஒரு புத்தகம் இந்தக் கடைய விட்டு வெளிய போகக் கூடாது.”

நடந்தே போகிறேன் என்றார். நான் விடவில்லை. வண்டியில் பின்னால் விறைப்பாக உட்கார்ந்து வந்தார், என் தோளைக்கூடப் பிடிக்கவில்லை. இரண்டு தெருவும் நான் பத்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. வாசலில் இறங்கி, “இங்கயே நில்லுங்க” என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தூணில் மஞ்சள் எண். போன வருடம்தான் புதுப் பெயிண்ட் அடித்தார்கள், பளிச்சென்று இருந்தது. நான் அதன் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஆள் குரல் கொடுத்தான்.

“என்ன சார், இன்னைக்கு ரீடிங் நாள் இல்லையே?”

“மீட்டர் ஓடலயாம். பாக்க வந்தேன்.”

“வாத்தியாருக்கு என்ன கொறச்சல், மகன் வெளிநாட்டுலேர்ந்து அனுப்புறான். புது மீட்டரே போடச் சொல்லுங்க.”

“சொல்றேன்.”

அவன் போகாமல் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். கையில் ஒரு கைபேசி. என்றைக்கும் எல்லோர் கையிலும் இருக்கிறதுதான். அன்றைக்கு அது எனக்குத் துப்பாக்கி மாதிரி தெரிந்தது. நான் நகரவில்லை. தூண் சூடாக இருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. எங்கோ மின்விசிறி மட்டும், பேரிங் தேய்ந்த விசிறி, ஒரு சுற்றுக்கு ஒரு முறை டக்கென்றது. உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் இதை நான் கேட்டிருப்பேன். கவனித்ததில்லை. குறிப்பு கவனித்திருக்கிறான். அந்தக் கோபத்திலும் அது எனக்குத் தோன்றியது.

பதினெட்டு நிமிடம் ஆனது. வாத்தியார் வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

“என்ன சார் சொன்னாரு?”

“அங்க வந்து சொல்றேன். ரெண்டு தடவ சொல்றதுக்கு எனக்குத் தெம்பில்ல.”

*

கடையில் பதினேழு பேரும் அப்படியே இருந்தார்கள். டீ முடிந்திருந்தது. யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் ஏதோ ஆகியிருக்கிறது என்று தெரிந்து குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னறையில் குறிப்பு தலையைப் பிடித்துக்கொண்டு கட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான்.

வாத்தியார் தன் பிரதியை மேஜை மேல் வைத்தார்.

“எடுத்துடணும்னான். எல்லாத்துலயும். எடுத்த தாள் ஒண்ணுகூட விடாம என்கிட்ட வந்துடணும்.”

குறிப்பு தலையாட்டினான்.

“இதுல மட்டும் இருக்கட்டுமாம். நம்பரும் இருக்கட்டுமாம். பூட்ட மட்டும் திருத்தணும். உங்க கையெழுத்துலயே திருத்தணும்னு சொன்னான்.”

குறிப்பு உட்கார்ந்தான். நூற்றுப் பதினொன்றைத் திறந்தான். பூட்டு ஏழு இடத்தில் வந்தது, சாவி நாலு இடத்தில். ஒவ்வொன்றாக அடித்து, மேலே பொடி எழுத்தில் எழுதினான். ‘உள்ளே தாழ்ப்பாள்.’ ‘தட்டிவிட்டுக் காத்திருந்தார்.’ சாவியைச் சொருகும் வரியில் ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தான். கடைசியில் வாத்தியாரை நிமிர்ந்து பார்த்தான்.

“சார், ராத்திரி நீங்க அங்க என்ன பண்ணுவீங்க? கதவுக்கு முன்னாடி?”

“நாற்காலிய மடக்கி வைப்பேன்” என்றார். “அவ்வளவுதான்.”

அவன் அதையே எழுதினான்.

பிறகு வெளியே வந்து கூட்டத்தின் முன்னால் நின்றான். கடைக்காரம்மா கொடுத்த பிளேடு கையில் இருந்தது. பாவம், சில பேர் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்கள்.

“ஒன்பதாவது அத்தியாயம் நான் எழுதியிருக்கக் கூடாதுங்க. ஒருத்தரக் கேக்காம அவங்க வீட்ட எழுதிட்டேன். அதுல பொய்யும் எழுதிட்டேன். அந்த ஏழு தாள எடுத்துட்டுத்தான் தருவேன். அப்படி வேணாங்கிறவங்க புத்தகத்தத் திருப்பிக் குடுத்துடுங்க. வருத்தமில்ல.”

மெடிக்கல் கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “பன்னெண்டு வீடுன்னு போட்டிருக்கேப்பா?”

“ஒரு வீட்டுல ஆள் இல்ல, திரும்பி வந்துட்டான்னு வச்சுக்கங்க” என்றேன். “எங்க வேலையில சகஜம்.”

அவர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டுப் புத்தகத்தை நீட்டினார். மூன்று பேர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இளைய டீச்சர் அந்த அத்தியாயத்தைக் காலையிலேயே படித்திருந்தார். வாத்தியாரை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தன் பிரதியை மேஜையில் வைத்தார். அதற்கு மேல் அந்தப் பெண்ணிடம் என்ன கேட்பது? வெளியே சொல்ல மாட்டார் என்று நம்ப வேண்டியதுதான்.

பிளேடு பிடித்தது குறிப்புதான். வேறு யாரையும் தொடவிடவில்லை. தையலுக்கு ஒட்டிப் பிளேடை வைத்து மேலிருந்து கீழே ஒரே கோடு. ஏழு தாள் கழன்று வரும். அவன் ஆறு வருடத்தில் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள் அவை என்று பின்னால் கடைக்காரம்மா சொன்னார். நான் இன்னும் படிக்கவில்லை. இனிப் படிக்கவும் முடியாது. என் பிரதியையும் வண்டியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். அவன் பெண்டாட்டி ஒவ்வொரு ஏழையும் தட்டி, ஓரம் சேர்த்து, அடுக்கினாள். ஆஸ்பத்திரிப் போர்வை மடிக்கிற கை. ஒரு தாள் பிசகவில்லை.

வாத்தியார் எண்ணினார். “கடையில அம்பத்தொன்பது. உங்களுது ஒண்ணு. அறுபது. மீதி?”

“இருநூத்தி முப்பத்தொன்பது. என் வீட்டுல இருக்கு சார். ராத்திரியே அறுத்து நாளைக்குக் கொண்டுவர்றேன்.”

“கொண்டு வாங்க. வாசல்லயே வாங்கிக்கறேன்.”

தாள்களைப் பையில் போட்டுக் கொடுத்தோம். கனம்தான். நான் வாங்கப் போனேன், அவர் தரவில்லை. முழுசாக இருந்த அந்த ஒரு பிரதியை மட்டும் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். குறிப்பு பேனாவைப் பிடித்தபடி எழுந்து நின்றான். என்ன கேட்க வந்தான் என்று எனக்குத் தெரிந்தது.

அவருக்கும் தெரிந்தது. “கையெழுத்து அவன் கேக்கல” என்றார். “நானும் கேக்கல.”

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். பையின் கனத்துக்கு ஒரு தோள் இறங்கியிருந்தது.

மேஜைக்கு முன்னால் இன்னும் ஆறு பேர் நின்றார்கள். ஒல்லியாகிப்போன புத்தகம் ஆளுக்கொன்று கையில். கடைக்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். குறிப்பு உட்கார்ந்தான். முதலில் நின்ற டீச்சரிடம், “யார் பேருக்குப் போடட்டும்?” என்று கேட்டான்.